சிவப்பு மைக்கு விட்ட இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. பாக்தாதில் படியெடுப்பவர்கள் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் ரைதா எழுதினால் ஒரு புள்ளி பிசகாது என்பார்கள். புருஷன் போனபிறகு நான் கடையை மூடிவிட்டுத் தம்பி வீட்டு மூலையில் முடங்குவேன் என்று காத்திருந்த பக்கத்துக் கடைக்காரர்கள், என் வாசலில் ஆள் வரிசை கட்டியதைப் பார்த்து வயிறெரிந்தார்கள். பதினெட்டு வருஷம் அந்தப் பேரை வைத்துத்தான் சாப்பிட்டேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சொல்லை எழுதாமல் விட்டேன். அதில் என் தம்பி முன்திரின் தலை போகப் பார்த்தது.

எங்கள் வேலை எப்படியென்றால், கறுப்பு மையில் ஓட்டமாக எழுதிக்கொண்டே போவோம். தலைப்புகளும், வாதத்தில் பேசுவது யார் என்று காட்டும் சொற்களும் சிவப்பில் வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் பேனா மாற்றிக்கொண்டிருந்தால் வேலை உருப்பட்ட மாதிரிதான். அதனால் அந்த இடங்களைக் காலியாக விட்டுவிடுவோம். மறுநாள் ஜாதிலிங்கம் என்கிற சிவப்புப் பொடியைக் குழைத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிரப்புவோம். வாதப் புத்தகங்களில் இரண்டே குறிகள்தான் மாறி மாறி வரும். எதிராளி பேசும் இடத்தில் ‘அவர்கள் சொல்வது’. எழுதியவர் பதில் சொல்லும் இடத்தில் ‘நாம் சொல்வது’. எங்கள் மொழியில் இரண்டும் ஒவ்வொரு சின்னச் சொல்தான், கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

முன்திர் அரண்மனைக்குக் கிரகக் கணக்கு போட்டுக் கொடுப்பவன். நல்ல வேலை, மரியாதையான சம்பளம். ஆனால் ஓரிடத்தில் கால் தரிக்காது அவனுக்கு. சாப்பிடும்போதே எழுந்து நடப்பான். சின்ன வயதில் உலகம் படைக்கப்பட்ட கதையை அப்பா சொல்லும்போது நாங்கள் எல்லாம் வாயைப் பிளந்து கேட்போம். இவன் மட்டும் "அதுக்கு முன்னாடி?" என்பான். அப்பா அதற்கும் பதில் சொல்வார். "அதுக்கு முன்னாடி?" என்பான். முதுகில் ஒன்று விழும். அழுதுகொண்டே மறுபடியும் அதையே கேட்பான்.

அந்த வருஷம் ஊரே இதில்தான் அடித்துக்கொண்டது. யவனர் புத்தகங்களைப் படித்தவர்கள், வானம் எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, உலகம் அநாதி, அதற்குத் தொடக்கம் கிடையாது என்றார்கள். பள்ளிவாசலில் பிரசங்கம் செய்பவர்கள், தொடக்கம் இல்லையென்றால் படைத்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று பாய்ந்தார்கள். மீன் வாங்கப் போனாலும் இதே பேச்சு. என் கடையில் கேட்கவே வேண்டாம். பிரசங்கி ஹர்ஸமா காகிதம் வாங்க வருகிறேன் என்று வருவார். காகிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முன்திரைப் பிடித்துக்கொள்வார். கனத்த உடம்பு, கணீரென்ற குரல், கெட்டிக்கார மனிதர்.

"தம்பி, சனி ஒரு சுத்து முடிக்க எத்தனை வருஷம்?"

"முப்பது."

"சூரியன்?"

"ஒண்ணு. இது தெரியாமயா கேக்குறீங்க?"

"தொடக்கமே இல்லாம சுத்துதுன்னா சனி இதுவரைக்கும் எத்தனை சுத்து சுத்தியிருக்கும்?"

"எண்ணி முடியாது."

"சூரியன்?"

"அதுவும் எண்ணி முடியாது."

"அப்போ சூரியன் சுத்தினது சனி சுத்தினதைப் போல முப்பது மடங்கு. ஆனா ரெண்டும் ஒரே அளவு! இந்தக் கணக்குக்கா அரண்மனையில உனக்குச் சம்பளம்?"

கடை முன்னால் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்திரும் சிரித்தான். "நல்ல கேள்விங்க. இதே கணக்கு மூணு நாளா மனசுல ஓடி எனக்கு சோறு இறங்கல. இப்போ என் கேள்வியைக் கேளுங்க. வானம் சுத்தறதை வெச்சுத்தான் நாம நாளை எண்றோம். வானமே இல்லாதப்போ ‘முன்னாடி’ன்னா என்ன அர்த்தம்? ஒரு நாள் உலகம் தொடங்குச்சுங்கறீங்களே, அந்த நாள் எங்கேர்ந்து வந்துச்சு?"

ஹர்ஸமாவின் சிரிப்பு நின்றது. "நீ யார் பக்கம்டா?"

"நான் கேள்வி பக்கம்."

"நீங்க ரெண்டு பேரும் இப்போ என் வாசல் பக்கம். தள்ளி நில்லுங்க, வாங்கற ஆள் உள்ளே வரணும்" என்றேன் நான். அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து முன்திர் சின்னப் புத்தகம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்தான். அநாதி என்பவர்களின் வாதம் ஒன்று, அதற்குப் பதில் ஒன்று, மறுபடி அவர்கள் வாதம், மறுபடி பதில். கடைசியில் தொடக்கம் உண்டு என்கிற பக்கம் ஜெயிக்கும். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டுப் படியெடுக்க உட்கார்ந்தேன். மருதாணிச் சாயம் பூசிய தாடிக்காரர் ஒருவர் வந்து, மோசுலுக்குப் போகிற ஒட்டகக் கூட்டம் வியாழக்கிழமை கிளம்புகிறது, அதற்குள் ஒரு படி வேண்டும் என்று நின்றார். அவசரப்பட்டேன். முப்பத்தெட்டு இடங்களில் முப்பத்தேழை நிரப்பினேன். மீதி ஒன்று வரிக்கடைசியில் இருந்தது. வரி முடிந்ததால் விட்ட வெள்ளை என்று கண் தாண்டிப் போய்விட்டது.

தாடிக்காரர் மோசுலுக்குப் போகவில்லை, படியை நேராக ஹர்ஸமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஹர்ஸமா என் எழுத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக் கூட்டத்துக்குப் படித்துக் காட்டினார். நான் பெண்கள் பக்கம் நின்று கேட்டேன். ‘நாம் சொல்வது’ என்று தொடங்கி, முன்திரின் பதில் ஒன்று வந்தது. அது முடிந்ததும் ‘அவர்கள் சொல்வது’ என்று வரவேண்டும். வரவில்லை. அதே மூச்சில், "வானத்துக்கு முன் என்று எதுவும் இல்லை. உலகம் அநாதி" என்று படித்தார். எதிராளியின் வாக்கு என் தம்பியின் வாக்காகி ஊர் நடுவே நின்றது. மாலைக்குள் ஊர் வழக்குகளைத் தீர்க்கும் காஜியின் ஆள் முன்திர் வீட்டுக்குப் போய், செவ்வாய்க்கிழமை காலையில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டான். இப்படி ஒரு குற்றம் நிரூபணமானால் என்ன தண்டனை என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படகுப் பாலத்தின்மேல் ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்துப் பழக்காரன் கூட வழி விட்டான். முன்திர் முற்றத்தில் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தான்.

"தம்பி, நான் பாவி. ஒரு இடத்தை விட்டுட்டேன்."

"தெரியும்க்கா. கேள்விப்பட்டேன்."

"திட்டித் தொலையேன்டா! உன் மூலப்படியைக் குடு. அதுல சிவப்புல பளிச்சுன்னு இருக்கும். காஜிகிட்ட காட்டி, தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன். என் பேர் நாறிட்டுப் போகட்டும்."

"அது வேண்டாம்."

"ஏன்?"

"எங்கேயோ வெச்சுட்டேன்."

பொய் சொல்லத் தெரியாதவன் அவன். சுவர்மாடத்தில் துணியால் மூடி வைத்திருந்ததை நானே போய் எடுத்தேன். அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். ‘அவர்கள் சொல்வது’ இருந்தது, சிவப்பாகவே இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் காகிதத்தின் வழவழப்புப் போய்ப் பிசிர் எழும்பியிருந்தது. கத்தியால் சுரண்டிய இடம். அடியில் வேறொரு சொல்லின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. ‘நாம் சொல்வது’.

இதைப் படியெடுத்தவள் நான்தான். அப்போது எப்படித் தெரியாமல் போனது என்றால், நாங்கள் சொல்லைத்தான் பார்ப்போம், காகிதத்தைப் பார்ப்பதில்லை.

"என்னடா இது?"

அவன் நடையை நிறுத்தவில்லை. "எழுதினப்போ ‘நாம்’னுதான் வந்துச்சு. மறுநாள் படிச்சுப் பாத்தேன், பயந்துட்டேன். சுரண்டிட்டு ‘அவர்கள்’னு போட்டேன். அதுக்குப் பதிலா ஒண்ணு எழுதிச் சேத்தேன். அந்தப் பதில் எவ்வளவு சப்பைன்னு படிக்கிறப்போ உனக்குத் தெரியலையா?"

"அப்போ நீ அதை நம்பறியா?"

"எனக்கே தெரியலக்கா. ஒரு நாள் நம்பறேன். மறுநாள் ஹர்ஸமாவோட முப்பது மடங்கு வந்து நெஞ்சுல உக்காந்துக்குது. ஆனா அந்தப் பக்கத்தை எழுதின காலையில நம்பினேன். ‘அதுக்கு முன்னாடி’ன்னு இத்தனை வருஷமா என்னைக் குடைஞ்சது அன்னிக்கு ஒரு காலை மட்டும் சும்மா இருந்துச்சு. என் வாழ்க்கையில நான் உக்காந்த இடத்துல உக்காந்து எழுதின பக்கம் அது ஒண்ணுதான்." பிறகு சிரித்தான். "நீ விட்டது தப்பு இல்லக்கா. நான் போட்டதுதான் தப்பு. உன் படிதான் சரியான படி."

கன்னத்தில் அறையலாம் போல இருந்தது எனக்கு. சாட்சியாகக் காட்ட வேண்டிய காகிதமே அவனைக் காட்டிக்கொடுக்கும். காஜியின் எழுத்தர்கள் என்ன குருடர்களா? சுரண்டிய இடத்தை விரலால் தடவினாலே போதும்.

சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் நான் கடை திறக்கவில்லை. அவன் வீட்டிலேயே கிடந்தேன். ஹரீஸா, கோதுமையும் கறியும் போட்ட கஞ்சி, சமைத்து வைத்தேன், இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனோடு சேர்ந்து நானும் சுவருக்குச் சுவர் நடக்க ஆரம்பித்தேன். எதிரெதிரே வந்து முட்டிக்கொள்வோம்.

"செவ்வாய்க்கிழமை என்ன சொல்லப் போறே?"

"தெரியல."

"‘அவர்கள்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உன் வானம் இடிஞ்சா விழுந்துடும்?"

"வானம் அது பாட்டுக்குச் சுத்தும். எனக்குத்தான் நிக்க இடம் இருக்காது."

"இப்போ மட்டும் எங்கேடா நிக்கிறே? மூணு நாளா நடந்துட்டுதானே இருக்கே!"

அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த வானமும் அதன் தொடக்கமும் எக்கேடும் கெட்டுப் போகட்டும், எனக்கு என் தம்பி வேண்டும். அவ்வளவுதான் என் மார்க்கம் அந்த மூன்று நாளும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டி சுட அடுப்பை மூட்டினேன். மூலப்படியைத் தாள் தாளாக அதில் போட்டேன். முன்திர் வாசலில் நின்று பார்த்தான். தடுக்கவில்லை. அந்த ரொட்டியை அவன் தொடவில்லை, நான் இரண்டு தின்றேன். தெம்பு வேண்டியிருந்தது.

பள்ளிவாசல் முற்றத்தில் தூண் ஒன்றின் அடியில் காஜி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான கிழவர், கண் மட்டும் கூர்மை. ஹர்ஸமா புத்தகத்தை அவர்முன் விரித்து வைத்துக் குற்றத்தைச் சொன்னார். கூட்டம் சுற்றி நின்றது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"இது உன் எழுத்தாம்மா?"

"ஆமாங்க ஐயா. இங்கே சிவப்பு மைக்கு இடம் விட்டேன், நிரப்ப மறந்துட்டேன். தப்பு என்னோடது. தம்பி மேல ஒண்ணுமில்ல."

"பதினெட்டு வருஷமா எழுதறேன்னு சொன்னாங்க. இதுக்கு முன்னாடி இப்படி விட்டதுண்டா?"

"இல்லைங்க."

"நல்ல இடமாப் பாத்துத்தான் விட்டிருக்கே."

கூட்டம் சிரித்தது.

"மூலப்படி எங்கே?"

"அடுப்புல போட்டுட்டேங்க."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில."

முற்றம் முழுக்கச் சலசலப்பு. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ஹர்ஸமா எழுந்தே விட்டார். காஜி கையைக் காட்டி உட்காரவைத்தார். பிறகு அந்த வெள்ளை இடத்தின்மேல் தன் கட்டைவிரலை வைத்து அளந்தார். அப்படி அளப்பது எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் வரும்.

"நானும் படியெடுத்துப் பிழைச்சவன்தான், சின்ன வயசுல" என்றார். "இதுல ‘அவர்கள்’ அடங்கும். ‘நாம்’ கூட அடங்கும். இடத்தை வெச்சு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. எழுதினவன்தான் சொல்லணும்." எழுத்தரிடமிருந்து சிவப்பு மைக்கூட்டை வாங்கினார். "முன்திர், வாப்பா. உன் புத்தகம். உன் கையால நிரப்பு."

முன்திர் மண்டியிட்டு உட்கார்ந்தான். பேனாவை மையில் தோய்த்தான். தாளுக்கு மேலே கை அப்படியே நின்றது. எழுதுடா, எழுதுடா என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"இதை இப்படியே விட்டா என்னங்க ஐயா?" என்று கேட்டான்.

"நீ விட்டா நான் நிரப்ப வேண்டியிருக்கும்" என்றார் காஜி. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

முன்திர் திரும்பி என்னைப் பார்த்தான். முகத்திரைக்கு மேலே என் கண் மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். அதில் என்ன பார்த்தானோ, குனிந்து எழுதினான். ‘அவர்கள் சொல்வது.’

காஜி படித்தார், தலையாட்டினார். ஹர்ஸமா எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். முன்திரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார் அந்த மனிதர். "உன் தலை எனக்கு எதுக்குடா? நீ எங்க பக்கம் இருக்கணும்னுதான்டா ஆசைப்பட்டேன்" என்றார். நிஜமாகத்தான் சொன்னார். அவரை வெறுக்க முடியாமல் போனதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

குழப்பம் தீர, இந்தப் படியைப் பார்த்துச் சரியான படிகள் ஏழு எழுதி ஊரின் ஏழு பள்ளிவாசல்களில் வைக்க வேண்டும் என்று காஜி தீர்ப்புச் சொன்னார். ஏழிலும் அந்த ஒரு இடத்தை முன்திரே தன் கையால் நிரப்ப வேண்டும். திரும்பும் வழியில் பாலத்தின்மேல் நான் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். ஆற்று மீன் வாங்கினேன். அவன் அதைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

ஒவ்வொரு படியும் முடிந்ததும் மதியத்தில் கடைக்கு வருவான். நான் மையைக் குழைத்து வைத்திருப்பேன். உட்காருவான், ஒரு சொல் எழுதுவான், எழுந்து போவான். தெருவில் அவனைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள். "அநாதிக்காரங்க மூக்கை அறுத்தீங்களே!" என்று தோளில் தட்டினார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த வாதத்தைச் சின்னப் பையன்கள்கூட மனப்பாடமாகச் சொன்னார்கள், அவ்வளவு அழகாக இருந்தது அது. சொல்லிவிட்டு, "இப்படித்தான் அந்த மடையனுங்க சொல்லுவாங்க" என்று முடித்தார்கள். முன்திர் நின்று கேட்டுவிட்டு வருவான். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அவன் நடப்பது நின்றுபோனது. வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷம் அவன் ஓரிடத்தில் உட்கார மாட்டானா என்று ஏங்கியவள் நான். அப்படி அவனைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஏழாவது படியின்போது பேனாவைத் தோய்த்துக் கையில் வைத்தபடியே இருந்தான். முனையில் மை காய்ந்துவிட்டது. பேனாவைக் கழுவித் துடைத்து என் பெட்டியில் வைத்தான்.

"நாளைக்கு வரேன்க்கா."

"ஒரு சொல்லுதானேடா. எழுதிட்டுப் போயேன்."

"வரேன்க்கா."

மறுநாள் ரே நகரத்துக்குக் கிளம்பிய கூட்டத்தோடு போய்விட்டான் என்று பழக்காரன் சொன்னான். வேகமாக நடந்து போனானாம், ஒட்டகங்களுக்கு முன்னால். என்னிடம் சொல்லாமல் போனதை நான் மன்னிக்கவில்லை. வேகமாக நடந்து போனான் என்பதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இரண்டும் நிஜம்.

அவன் எழுத்தை என்னால் அச்சாக எழுத முடியும். அவனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏழாவது படியை விரித்து மூன்று தடவை மையைத் தோய்த்தேன். மூன்று தடவையும் பேனாவைக் கழுவினேன்.

பத்து நாள் கழித்துக் காஜியே கடைக்கு வந்தார். "ஆறுதான் வந்திருக்கு, ஏழாவது எங்கேம்மா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நேராக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார். வெள்ளையாக இருந்த இடத்தைப் பார்த்தார். கட்டைவிரலை அதன்மேல் வைத்து எடுத்தார்.

"மறுபடியும் விட்டுட்டியாம்மா?"

"இல்லைங்க ஐயா. இது என் தம்பி எழுதினது."

அவர் சிவப்பு மை கேட்கவில்லை. புத்தகத்தை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.